வாய் வைக்க முடியாத மூக்கு

என் கணவர் பூச்சிமருந்தை வாயால் இழுப்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது கலியாணமாகி மூன்றாவது வாரத்தில். திருகோணமலையில் ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் இருந்த எங்கள் கடையில் உரமும் விதைநெல்லும் பூச்சிமருந்தும் விற்றோம். மருந்து பெரிய தகரப் பீப்பாவில் வரும். கமக்காரர்கள் ஆளுக்கொரு வெறும் போத்தலோடு வருவார்கள். பீப்பாவுக்குள் ரப்பர்க் குழாயை விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, மருந்து உதட்டுக்கு வருவதற்குச் சற்று முன்னர் குழாயை எடுத்துப் போத்தலுக்குள் திருப்ப வேண்டும். சற்று முன்னர் என்பது எப்போது என்று எப்படித் தெரியும் எனக் கேட்டேன்.

"குழாய் குளிரும்," என்றார். "நீர் சும்மா பயப்பிடாதையும்."

ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். மண்ணெண்ணெய்க் கடையில், லொறிக் கராஜில், வள்ளங்களுக்கு டீசல் ஊற்றும் இடத்தில், குழாய் என்று ஒன்று இருந்தால் அதன் ஒரு முனையில் யாருடையதாவது வாய் இருந்தது. பிறகு மூன்று தரம் காறித் துப்புவார்கள். ஒரு பிளேன்ரீ குடிப்பார்கள். அவ்வளவுதான்.

கலியாணத்துக்கு முன் நான்கு வருடம் கொழும்பில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் அச்சுப்படி திருத்தினேன். மாகாணச் செய்திகள் என் மேசைக்கு வரும். பூச்சிமருந்துச் சாவு எப்போதும் மூன்று வரி. ஊர், வயது, வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும் வழியில் என்ற சொற்கள். அந்த வரிகளில் விடுபட்ட புள்ளிகளைச் சேர்த்திருக்கிறேன். மருந்தின் மணம் தெரியாது. இப்போது அது என் கணவரின் சட்டையில் இருந்தது.

எழுபதுகளின் முற்பகுதி. உரத்தையும் மருந்தையும் தவிர வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். பெரும்போக நெல் விதைப்புத் தொடங்கி, கடை வாசலில் கிளிவெட்டிக் கமக்காரர் நாலைந்து பேர் நின்ற ஒரு காலையில் என் கணவர் குழாயில் வாய் வைத்திருந்தார். அவர்களில் ஒருவர் சொன்னார்:

"முதலாளிக்கு வயித்திலை பூச்சியே இராது. எல்லாம் செத்துப் போயிருக்கும்."

வாயில் குழாயோடு என் கணவர் சிரித்துவிட்டார். சிரித்தபோது மருந்து நாக்கில் பட்டது. துப்பினார், கொப்பளித்தார், போத்தல்களை நிரப்பி அனுப்பினார். மத்தியானம் சோற்றுக் கோப்பையின் முன் இருந்தவருக்கு நெற்றியிலும் முழங்கையிலும் வியர்வை நின்றது. கை நடுங்கியது. பின்னேரம் சரியாகிவிட்டது. அதுவரை நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு அவருடைய மூச்சை எண்ணினேன். அடுத்த நாள் உரச் சிட்டையின் பின்பக்கத்தில் பம்ப் வரையத் தொடங்கினேன்.

எனக்குப் பொறியியல் தெரியாது. நுளம்புக்கு மருந்தடிக்கும் கைப்பம்பைக் கழற்றிப் பார்த்தேன். பீப்பாவின் வாயில் பூட்டி வைக்க வேண்டும். மேலே ஒரு பொத்தான். பெருவிரலால் ஒருதரம் அமர்த்தினால் சரியாக ஒரு போத்தல் மூடி அளவு வர வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. விரலை எடுத்தால் நிற்க வேண்டும். கையில் ஒரு துளியும் படக் கூடாது. வாயைப் பற்றி எதையும் எழுதவில்லை. பம்ப் வந்துவிட்டால் வாய்க்கு வேலை இல்லை என்று நினைத்தேன்.

கடைத்தெருவுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த பித்தளை வேலைக்காரரிடம் படத்தைக் கொண்டுபோனேன். கிண்ணியாக்காரர், எல்லாருக்கும் நானா. ஒவ்வொரு நாளும் குடாவைப் பாதைப்படகில் கடந்து வருவார். வெள்ளைக்காரர் துறைமுகத்தில் இருந்த காலத்தில் அவர்களுடைய கப்பல் பட்டறையில் வேலை செய்தவர்.

"என்ன தங்கச்சி இது, தேத்தண்ணிக் கேத்திலுக்குக் கழுத்து வளந்த மாதிரி இரிக்கி?"

"பம்ப், நானா. அமத்தினால் வரவேணும். விட்டால் நிக்கவேணும்."

"நிக்காட்டி?"

"நிக்காட்டித் திரும்ப உங்களிட்டை வருவன்."

"அப்ப நிக்கும்," என்றார்.

நின்றது, ஆனால் ஐந்தாவது முயற்சியில். பித்தளைக் குழாயின் அடியில் சைக்கிள் சில்லுக்குள் இருக்கும் இரும்புக் குண்டு ஒன்று. அது மருந்தை மேலே விடும், கீழே விடாது. உள்ளே ஏறி இறங்கும் தண்டைச் சுற்றி, லொறி ரியூபில் வெட்டிய ரப்பர் வாசர். பொத்தானைத் திரும்ப உயர்த்த ஒரு சுருள்வில். மருந்து வெளியே வரும் மூக்கை எப்படி வைப்பது என்று அவர் கேட்டபோது நான் யோசிக்கவேயில்லை. மெல்லிய குழாய், சின்னவிரல் பருமன், கீழ்நோக்கி வளைவு. துளி தொங்காதபடி முனையை உருட்டி வழவழப்பாக்கச் சொன்னேன். அந்த முனையில் விரலை வைத்துப் பார்த்துப் பெருமைப்பட்டது நினைவிருக்கிறது.

இரண்டு பம்ப் செய்தார். முதலாவதைத் தண்ணீரில் மட்டும் சோதித்தோம். அது எங்கள் குசினிச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. இரண்டாவது கடைக்குப் போனது. ரப்பர்க் குழாயை நான் துண்டு துண்டாக வெட்டி எரித்தேன். கமக்காரர்கள் பம்பைப் பார்க்கவென்றே வந்தார்கள்.

"இதாலை மாட்டிலை பாலும் கறக்கலாமோ, தங்கச்சி?"

"மாட்டைப் பீப்பாவுக்குள்ளை விட்டால் கறக்கலாம்," என்றார் என் கணவர். இந்தத் தடவை அவர் வாயில் எதுவும் இல்லாமல் சிரித்தார். ஒரு மாதம் நான் பயமில்லாமல் இருந்தேன்.

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் பெருநாளுக்கு முதல்நாள், சனிக்கிழமை. கோயிலைப் பார்த்துக்கொண்ட ஊழியர், நாங்கள் சங்கிலித்தாம் என்று சொல்பவர், குசினிப் பக்கத்தால் வந்தார். ஐம்பது வயதிருக்கும், மணி அடிப்பது, மெழுகுதிரி கொளுத்துவது, பெருநாள் சமையலுக்குச் சாமான் சேர்ப்பது எல்லாம் அவர்தான். வடை சுடுவதற்கு ஒரு பெரிய தகரம் தேங்காயெண்ணெய் கிடைத்திருந்தது.

"தகரத்தைச் சரிச்சு ஊத்தப் போனால் பாதி நிலத்துக்குத்தான் பிள்ளை. உம்மடை அந்தப் பம்பை ஒருக்காத் தாருமன்."

என் கை இரண்டும் மீன் செதிலாக இருந்தது. "ஆணியிலை கிடக்கு அண்ணை. நீங்களே எடுங்கோ," என்றேன். "சுத்தமான பம்ப். தண்ணியைத் தவிர வேறை ஒண்டும் அதுக்குள்ளை போகேல்லை," என்றும் சொன்னேன். அவர் எடுத்துத் தோளில் துவக்குப் போல வைத்துக்கொண்டு போனார்.

முக்கால் மணித்தியாலம் கழித்து என் கணவர் சாப்பிட வந்தார். கையைக் கழுவிக்கொண்டே சுவரைப் பார்த்தார்.

"ஆணியிலை கிடந்த பம்ப் எங்கை?"

சொன்னேன். அவர் கையை உதறவில்லை. தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

காலையில் நான் சந்தைக்குப் போயிருந்தபோது கடைப் பம்ப் இறுகிவிட்டது. மருந்தில் ஊறி ரப்பர் வாசர் பொங்கியிருக்கிறது, தண்டு அசையவில்லை. அவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஆணியில் மாட்டிவிட்டு, தண்ணீர்ப் பம்பைக் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். பின்னேரம் பட்டறைக்குக் கொண்டுபோக எண்ணம். என்னிடம் சொல்ல மறந்துவிட்டார்.

"மூண்டு தரம் கழுவினனான்," என்றார்.

வெளிப்பக்கத்தைத்தான் கழுவியிருப்பார். இறுகிய தண்டுக்கு மேலே, மூக்குக்குள் நின்ற மருந்து நின்றபடியே இருக்கும். அந்தப் படத்தை வரைந்தவள் நான். எவ்வளவு நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஏறக்குறைய ஒரு மூடி.

கோயிலுக்குப் பத்து நிமிட நடை. நான் ஓடினேன். காலில் செருப்பில்லை என்பது கோயில் மதிலுக்குக் கிட்டப் போனபோதுதான் தெரிந்தது. பின்பக்கக் கொட்டிலில் ஏழெட்டுப் பெண்கள் உழுந்துமாவோடு இருந்தார்கள். அடுப்பு எரிந்தது. தாச்சி காய்ந்துகொண்டிருந்தது, அதற்குள் எண்ணெய் இல்லை. எண்ணெய்த் தகரத்துக்குள் என் பம்ப் நின்றது. பக்கத்தில் ஒரு நீள மரவாங்கில் சங்கிலித்தாம் இருந்து சால்வையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாரும், வாரும். உம்மடை பம்ப் நல்ல பம்ப். அமத்த ஏலாது, இழுக்க ஏலாது. கடைசியா வாயாலையும் இழுத்துப் பாத்தன்."

"வந்ததோ?" என்று கேட்டேன்.  

"ஒரு வாய் வந்திது. சரியான கசப்பு. பழைய எண்ணெய் போலை கிடக்கு. துப்பிப்போட்டன்."

தகரத்தைக் காலால் தள்ளினேன். எண்ணெய் முழுவதும் மண்ணில் ஓடியது. ஒரு பெண் என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"உமக்கென்ன விசரோ? இந்தக் காலத்திலை ஒரு தகரம் எண்ணெய்!"

"அது பூச்சிமருந்துப் பம்ப்," என்றேன். "ஒருத்தரும் தொடாதையுங்கோ. மண்ணையும் தொடாதையுங்கோ."

அவள் கையை எடுத்துவிட்டாள்.  எல்லாரும் சங்கிலித்தாமைப் பார்த்தார்கள். அவர் சால்வையைப் பார்த்தார்.

கோயில் சுவாமியாரின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் சங்கிலித்தாம்தான் என்னைத் தேற்றிக்கொண்டு வந்தார். கோயில் திரும்பும் சந்தியில் நன்றாகப் பேசினார். கடற்கரை வீதியில் எச்சிலை விழுங்க முடியாமல் சால்வையில் துடைத்தார். ஆஸ்பத்திரி வாசலில், "கண் மங்கலாக் கிடக்கு பிள்ளை," என்றார். நான் அவருடைய கண்ணைப் பார்த்தேன். கருமணி கடுகளவு இருந்தது. பகல் வெளிச்சத்தில் கூட அப்படிச் சுருங்கிய கருமணியை நான் கண்டதில்லை.

என்ன மருந்து என்று டொக்டர் கேட்டார். பீப்பாவின் லேபிளில் இருந்ததை, வேதிப்பெயர், வீதம் எல்லாம் எழுத்துக்கு எழுத்துச் சொன்னேன். அவர் எழுதி முடிக்குமுன் தாதியை ஊசிக்கு அனுப்பினார். பிறகு என்னை வெளியே இருக்கச் சொன்னார்.

விறாந்தை வாங்கில் இருந்தேன். பழைய வேலைப் பழக்கம் விடவில்லை. செய்தி தானாக வந்து விழுந்தது. திருகோணமலை, சனி. இங்குள்ள தேவாலயம் ஒன்றின் ஊழியர் பூச்சிமருந்து கலந்த எண்ணெயை. வயதுக்கு ஓர் இடம் விட்டிருந்தேன். அவருடைய சரியான வயது எனக்குத் தெரியாது. அந்த இடத்தை நிரப்பக் கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

என் கணவர் வந்து தூணோடு நின்றார். "மூண்டு தரம் கழுவினனான்," என்று மறுபடி சொன்னார்.  சங்கிலித்தாமின் மனைவி வந்தார். சமையல் உடுப்போடு வந்திருந்தார், கையில் உழுந்துமா காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"ஆர் அந்தப் பம்பைக் குடுத்தது?"

"நான்," என்றேன்.

"ஆர் அதைச் செய்தது?"

"அதுவும் நான்தான் அக்கா."

அவர் எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. எதிர்ச் சுவரோரம் நிலத்தில் இருந்தார். இருட்டும்வரை அப்படியே இருந்தோம். தாதி வெளியே வரும் ஒவ்வொரு முறையும் இரண்டு பேரும் எழும்பினோம். கடைசியில் டொக்டரே வந்தார். கருமணி விரியத் தொடங்கிவிட்டது, ஆனால் இன்னும் சொல்ல ஏலாது, காலையில் பார்ப்போம் என்றார்.

காலையில் சங்கிலித்தாம் பிளேன்ரீ கேட்டார். அந்த வருடப் பெருநாளுக்கு வடை இல்லை. மணியை வேறு யாரோ அடித்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து கேட்டுவிட்டு, "செத்த வீட்டு மணி மாதிரி அடிக்கிறான்," என்று சங்கிலித்தாம் ஏசினாராம். அவருடைய மனைவி அதை வந்து எனக்குச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவர் வந்து சொன்னாரே.

பம்பை உடைத்துக் கடலில் போடுவோம் என்றார் என் கணவர். போட்டால் ரப்பர்க் குழாய் திரும்ப வரும். நான் பட்டறைக்குப் போனேன். பழைய மூக்கை எடுத்துப் பார்த்தேன். சின்னவிரல் பருமன், வழவழத்த முனை. வாய்க்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. அமர்த்தினால் அசையாத பம்பைக் கண்டால் இந்த ஊரில் ஒருவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாததா?

"நானா, ரப்பர் வேண்டாம். தோல் வாசர் போடுங்கோ. மூக்குக் குழாயாக இருக்கக் கூடாது. மழைத்தண்ணி ஓடுற கூரைப் பீலி மாதிரி மேல்பக்கம் திறந்து கிடக்கவேணும். உறிஞ்சினால் காத்துத்தான் வரவேணும்."

அவர் பழைய மூக்கை வாங்கி வைத்தார். பிறகு, "அந்த மனிசன் எப்படி இரிக்கிறார்?" என்று மட்டும் கேட்டார்.

புதுப் பம்பை யாரைக் கொண்டு சோதிப்பது? என் கணவர் உறிஞ்சிப் பார்த்து, வரவில்லை என்றார். அவர் எனக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து, மெலிந்து போயிருந்த சங்கிலித்தாமை வீட்டுக்குக் கூப்பிட்டேன். முற்றத்தில் ஒரு வாளி தண்ணீர், அதற்குள் பட்டறையில் இருந்து நேரே வந்த பம்ப்.

"இதை வாயாலை இழுக்க ஏலுமோ எண்டு பாக்கவேணும் அண்ணை."

அவர் வாளியைப் பார்த்தார். "தண்ணிதானே?"

பொத்தானை அமர்த்தி என் உள்ளங்கையில் பிடித்துக் குடித்தேன். அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் விழுங்கிய பிறகுதான் குனிந்தார்.

முதலில் காற்றுத்தான் வந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, தானாகவே, யாரும் சொல்லாமல், பீலியின் மேல்பக்கத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு திரும்ப உறிஞ்சினார். அவருடைய கன்னம் உப்பியது. தண்ணீர் நாடியால் வழிந்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் தண்ணீரைத் துப்பினார். பிறகு இன்னும் இரண்டு தரம் துப்பினார்.

நானாவிடம் பீலியின் விளிம்பை இரண்டு பக்கமும் வாள்பல்லுப் போல வெட்டச் சொன்னேன். எந்தக் கையாலும் பொத்த முடியாதபடி ஆழமாக. அடுத்த கிழமை சங்கிலித்தாம் மறுபடி வந்தார். நான் மறுபடி முதலில் குடித்தேன். அவர் வாயால் இழுத்தார், கையால் பொத்தி இழுத்தார், சால்வையைச் சுற்றியும் இழுத்துப் பார்த்தார்.

"வருகுதில்லை பிள்ளை."

"இன்னொருக்காப் பாருங்கோ அண்ணை," என்றேன்.