பேஜாரு என்று சொன்ன நாள்

அம்மா இறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை.

அறுபதுகளின் கடைசி அது. தர்மபுரியில் பி.யு.சி. படித்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தேன். ஊரில் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை. பச்சிலை அரைத்துக் கொடுத்துப் பார்த்துவிட்டு, கண் முழுக்க மஞ்சளான பிறகுதான் பாலக்கோட்டு ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள். எனக்குச் சேதி கிடைத்து நான் பஸ் பிடித்துப் போவதற்குள் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஒரே மகன். மொட்டை அடித்துக்கொண்டேன், கொள்ளி வைத்தேன். சொன்னதையெல்லாம் சொன்னபடி செய்தேன். கண் மட்டும் காய்ந்து கிடந்தது.

அத்தை என் தலையைப் பிடித்து மடியில் அமுக்கினாள். "அழுதுடு சாமி. அழுதாத்தான் பாரம் எறங்கும்."

பின்னால் இருந்து இன்னொரு குரல் வந்தது. "காலேஜுக்குப் போன கண்ணுல தண்ணி எப்படிம்மா வரும்? அதான் இங்கிலீசு படிக்குதே!"

அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் பாட்டுக்கு மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அவரும் அழுது நான் பார்க்கவில்லை. ஆனால் ஆம்பிளை, பெரியவர், அவரை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

ஹாஸ்டலுக்குத் திரும்பினேன். வகுப்புக்குப் போனேன், சோறு தின்றேன். குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று மற்றவர்கள் சண்டை போடும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே ஞாபகம் வரும். டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் பெருமாள் படம் ஒட்டி வைத்திருந்தேன். காலையில் குளித்து, நெற்றிக்கு இட்டுக் கும்பிடுவது சின்ன வயதிலிருந்தே அம்மா பழக்கிவிட்டது. அதையும் விடவில்லை. வாய் நாமம் சொல்லும். அது வேறு யாருடைய வாயோ போல இருக்கும். பெற்றவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன் மனுஷன்தானா, இல்லை பெருமாள் என்னை உள்ளே காயவிட்டுவிட்டாரா? எனக்குத் தெரியவேண்டியிருந்தது அது ஒன்றுதான். யாரிடம் போய்க் கேட்பது?

அந்த வருஷம்தான் கல்லூரியில் மனநலப் பயிற்சி முகாம் என்று ஒன்று வைத்தார்கள். அதற்கு முந்தின வருஷம் பரீட்சையில் தேறாத ஒரு மாணவன் வீட்டுக்குப் போக பயந்து, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் மொரப்பூர் ஸ்டேஷன் பெஞ்சில் காய்ச்சலோடு கிடந்தானாம். அதன் பிறகு எங்கள் பிரின்சிபாலுக்குப் பையன்கள் மனசைப் பற்றிக் கவலை. மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டரை வரவழைத்தார். நோட்டீஸ் போர்டில் ஒட்டியதுமே ஹாஸ்டலில் கேலி ஆரம்பமாகிவிட்டது.

"கீழ்ப்பாக்கத்து வண்டி வருதுடா. யார் யார் ஏறப்போறீங்க?"

"மொதல்ல வார்டனை ஏத்துங்கடா."

என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் டவுனில் இரும்புக் கடை வைத்திருந்த பாய் வீட்டுப் பையன். கடைக்கு மேலேயே வீடு. அங்கே இடமில்லை என்று ஹாஸ்டலில் தங்கியிருந்தான். எதற்கும் சிரிப்பான். "டேய் மொட்டை, நாம ரெண்டு பேரும் முன்னாடி பெஞ்சுல உக்காருவோம். டாக்டர் ஃப்ரீயா பாக்குறாரு, விடக்கூடாது" என்றான். அவன் கூப்பிட்டதால் போனேன். கூப்பிடாவிட்டால் கட்டிலிலேயே கிடந்திருப்பேன். இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

டாக்டர் வெள்ளைச் சட்டை, கண்ணாடி, நல்ல முகம். தூக்கம், பசி, பயம் என்று ஏதேதோ பேசினார். பிறகு, "ஒவ்வொருத்தரா எழுந்து, இப்ப உங்க மனசு எப்படி இருக்குன்னு ஒரே வார்த்தைல சொல்லணும். வெட்கப்படக் கூடாது" என்றார்.

"சந்தோஷம் சார்."

"பரவாயில்லீங்க."

"பயம்மா இருக்குங்க, அடுத்த வாரம் பரீட்சைங்க."

"பசிக்குதுங்க சார்!" இது என் பக்கத்துக் கட்டில்காரன். ஹாலே சிரித்தது. டாக்டரும் சிரித்தார்.

என் முறை வந்தது. எழுந்தேன். யோசிக்கவில்லை. உள்ளே என்ன கிடந்ததோ அதுவே வாயில் வந்தது.

"பேஜாருங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "யாருப்பா பேஜார்? நானா, இந்தக் கூட்டமா?"

அதற்கப்புறம் கேட்கவேண்டுமா! பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். "சரி, உக்காருப்பா. கொஞ்ச நேரம்தான், விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்தவனைப் பார்த்தார் டாக்டர். நான் உட்கார்ந்தேன். எதற்குச் சிரிக்கிறார்கள் என்பதே எனக்குப் புரியவில்லை. அவமானமாகவும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் "பேஜாரு, தட்டை நீட்டுடா" என்றான் ஒருத்தன். நீட்டினேன்.

எங்கள் வீட்டில் கன்னடம், வெளியே தமிழ். எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்கள் அப்படி. எந்தச் சொல் எந்தப் பாஷை என்று நாங்கள் பிரித்துப் பார்த்ததே கிடையாது. கன்று செத்த பசு வைக்கோலில் வாய் வைக்காமல், கத்தவும் கத்தாமல், வெறித்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்து அம்மா, பாவம், அதுக்கு பேஜாரு என்பாள். அந்த பேஜாரைத்தான் நான் சொன்னேன். மெட்ராஸில் அந்தச் சொல்லுக்குத் தொல்லை, ரோதனை என்று அர்த்தம் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் இரும்புக் கடைப் பையன் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தான். பிறகு கேட்டான். "ஏண்டா, நீ சொன்னது எந்த பேஜாரு?"

"எந்த பேஜாருன்னா?"

"எங்க வூட்ல உருதுல பேஸார்ம்பாங்க. எல்லாம் வெறுத்து, எதுவும் வேணாம்னு ஆயிட்டா அப்படி. எங்க அம்மா அடிக்கடி சொல்லும், எங்க அப்பாவப் பாத்து." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டான். "உன்னுது அதுதானே?"

"கிட்டத்தட்ட."

மறுநாள் டாக்டர் பேச ஆரம்பிக்கும் முன்பே அவன் எழுந்து நின்றுவிட்டான். "சார், நேத்து இவன் சொன்னது உங்க ஊரு பேஜார் இல்லீங்க. இவங்க வூட்ல கன்னடங்க. அவங்கம்மா தவறி இன்னும் ரெண்டு மாசம்கூட ஆவலீங்க. தலையைப் பாருங்க."

என் தலையில் அப்போதுதான் முள்முள்ளாக மயிர் முளைத்திருந்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

இடைவேளையில் டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "மன்னிச்சுக்கப்பா. எங்க ஊர்ல ரிக்‌ஷாக்காரர் சவாரியோட சண்டை போடறப்ப சொல்ற வார்த்தை அது. நீ என்னைக் கிண்டல் பண்றேன்னு நெனச்சேன்" என்றார். படித்த பெரியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது கூச்சமாக இருந்திருக்க வேண்டும். அன்று அதுவும் இல்லை.

"அழுதியா?"

"வரலீங்க."

"சாப்பிடறியா?"

"சாப்பிடறேங்க. ருசி தெரியலீங்க."

"சாமி கும்பிடுவியா? நெத்தியில இட்டிருக்கியே."

"கும்பிடறேங்க. கும்பிடறது நான்தானான்னு தெரியலீங்க." பிறகு, கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டேன். "சார், பெத்தவளுக்கு அழாதவன் மனுஷன்தானுங்களா?"

அவர் கீழே மரத்தடியில் பையன்கள் டீ குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அழறது ஒரு தினுசு துக்கம். இது ஒரு தினுசு. துக்கம் இல்லாதவன் இப்படி வந்து கேக்கமாட்டான்" என்றார். "அந்த வார்த்தையை வீட்ல யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லீங்க."

"சொன்னா யாருக்குப் புரியும்?"

அப்பாவை நினைத்தேன்.

"போய்ச் சொல்லு. எங்கிட்ட சொன்ன மாதிரியே ஒரே வார்த்தையா சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

மாத்திரை எதுவும் எழுதித் தரவில்லை. அன்று சாயங்காலம் அவர் ஊருக்குப் போய்விட்டார். அதன் பிறகு அவரை நான் பார்த்ததில்லை. பெருமாள் அவரை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அப்பா எருமையைக் கறந்து செம்பை உள்ளே வைத்துவிட்டு, ராகிக் களி கிண்டியிருந்தார். கட்டி கட்டியாக இருந்தது. இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா இருந்தவரை அப்பாவும் நானும் நேராகப் பேசிக்கொண்டது குறைவு. அவள் வழியாகத்தான் எல்லாம் போகும்.

"காலேஜ்ல என்னமோ டாக்டர் வந்தாராமே?" என்று கேட்டார்.

நடந்ததைச் சொன்னேன். டாக்டர் கேட்டது, ஹால் சிரித்தது, தட்டை நீட்டச் சொன்னது எல்லாம். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கையில் எடுத்த களி உருண்டை அப்படியே இருந்தது.

"எந்தச் சொல்லுக்குடா சிரிச்சாங்க?"

"பேஜாருன்னேன்."

"அதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. பிறகு தலை நிமிராமல் கன்னடத்தில் சொன்னார்: "நனகூ பேஜாரு கணோ."

எனக்கும் அதேதாண்டா என்று அர்த்தம்.

அவ்வளவுதான் பேசினோம். அவர் அழவில்லை. நானும் அழவில்லை. களியை முழுங்கிவிட்டுக் கை கழுவினோம். அம்மா விளக்கேற்றும் மாடத்தில் அப்பா எண்ணெய் ஊற்றினார், நான் திரி போட்டேன். பெருமாளே என்றேன். அன்றைக்கும் அது வேறு யாருடைய வாயோ போலத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் நின்றவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று தெரிந்தது.

இங்கிலீஷில் தேறாமல் என் படிப்பு அந்த பி.யு.சி.யோடு நின்றுவிட்டது. ஊரிலேயே இருந்துவிட்டேன். அப்பா போனபோதும் கண்ணில் தண்ணீர் வரவில்லை. அத்தை இல்லை, வேறு யாரோ தலையைப் பிடித்து அழு அழு என்றார்கள். பேஜாருங்க என்றேன். எங்கள் ஊர்க்காரர்கள்தானே, விட்டுவிட்டார்கள்.