மார்லிஸின் வளையமும் ஹார்லனின் கம்பமும்

மினசோட்டா மாநிலத்து டுலூத் அமெச்சூர் ரேடியோ சங்கத்தில் மார்லிஸ் ஆஸ்ட்பியின் காதுக்கு இணையான காது இல்லை. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். பின்சீட்டுக் கிசுகிசுப்பு வரை கேட்டுப் பழகியவர். எழுபத்தொரு வயதில், துறைமுகத்தில் கப்பலுக்கு இரும்புத்தாது ஏற்றிய ஹார்லன் ட்வைட்டை மணக்கச் சம்மதித்தார். சங்கமே துள்ளியது.

சிக்கல் ஆன்டெனாவில் வந்தது. மார்லிஸ் தன் தோட்டத்து மரங்களைச் சுற்றிக் கம்பி வளையம் கட்டியிருந்தார். நடுவே தன் செங்குத்துக் கம்பம் நிற்க வேண்டும் என்றார் ஹார்லன்.

"என் புல்வெளியிலயா? ஒரு வீட்டுக்கு ஒரு ஆன்டெனா போதும்."

"கம்பம் வராத வீட்டுக்கு நானும் வரமாட்டேன்."

சனிக்கிழமை கல்யாணம். பதறிப்போய்ச் சங்கம் ஒரு போட்டி வைத்தது. ஒரே ரேடியோவில் இரண்டையும் இணைத்து, நடுவில் ஒரு சுவிட்ச். நியூசிலாந்தோடு முதலில் பேசும் ஆன்டெனாவே வீட்டில் நிற்கும், மற்றது இறங்கும். கம்பத்தைக் கயிறுகட்டி நிறுத்தினோம். நியூசிலாந்து கிடைப்பது விடியும் வேளையில்தான். டோனட்டும் காப்பியுமாகக் கூடினோம். சங்கச் செயலாளர் என்பதால் குறிப்பெழுதுவது என் வேலை.

முதலில் மார்லிஸ். வளையத்தில் நியூசிலாந்துக்காரரின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் கேட்டது. இவர் தொண்டை கிழியக் கூப்பிட்டும் அவருக்கு எட்டவில்லை.

"காது மட்டும் போதுமா, மகாராணி?" என்று ஹார்லன் சுவிட்சைத் தன் பக்கம் திருப்பினார். ரேடியோவில் கொழுப்பு பொரிவதுபோல் ஒரே இரைச்சல்.

"பேசப் போறியா, பேக்கன் வறுக்கப் போறியா?" என்றார் மார்லிஸ்.

ஹார்லன் மைக்கின் பொத்தானை அழுத்திக் கூப்பிட்டு, விரலை எடுத்தார். மறுபடி இரைச்சல். மார்லிஸால் பொறுக்க முடியவில்லை; கை தானாகவே சுவிட்சை வளையத்துக்குத் தட்டியது.

"மினசோட்டா, நல்லா கேக்குது! நான் நியூசிலாந்து நேப்பியர்லேர்ந்து ரங்கி!"

கூரை அதிர ஆரவாரம்.

"கள்ள ஆட்டம்!" என்று கத்தினார் ஹார்லன். "கூப்பிட்டது என் கம்பம்!"

"கேட்டது என் வளையம். அத இறக்கிட்டா உனக்கு அந்த ஆள் குரல் கேக்குமா?"

ஹார்லன் முனகிக்கொண்டே மறுபடி மைக்கை எடுத்தார். ரங்கி காத்திருந்தார். மீண்டும் கம்பத்தில் பேசினார்கள், வளையத்தில் கேட்டார்கள். பின்னாலேயே டோங்கா வந்தது, டாஸ்மேனியா வந்தது. யார் ஜெயித்தது என்று கேட்க ஆளில்லை.

"சனிக்கிழமை கம்பத்தோடயே வந்து சேரு, கிழவா," என்றார் மார்லிஸ். "சுவிட்ச் மட்டும் என் கையில."

மைக்கின் பொத்தான் அழுந்தியிருப்பதை மறந்து ஹார்லன் அவரை இழுத்து முத்தமிட்டார். விரலை எடுத்ததும் மார்லிஸ் சுவிட்சைத் தட்ட, ரங்கியின் குரல்:

"ரொம்ப பலமா வருது, மினசோட்டா. எதுக்கும் அந்த உதட்ட மைக்லேர்ந்து கொஞ்சம் தள்ளி வைங்க!"