கேட்ட சொல் தெரியும், விடைதான் தெரியவில்லை

போன வருடம் கோடை. குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் பயிற்சி மையத்தில், சனி ஞாயிறுகளில் ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளை மத்தியப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்யும் இடம் அது.

பல்லாவரத்திலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அரசுப் பள்ளி, தமிழ் வழி. பொருளாதாரம்தான் படிப்பேன் என்று உறுதியாக இருந்தாள். மாதிரித் தேர்வில் ஆங்கிலச் சொற்கள் பகுதியில் மட்டும் அவளுக்கு மதிப்பெண் மோசமாகப் போய்விட்டது. மையத்தை நடத்துபவர் அவள் அப்பாவை வரவழைத்தார். மற்ற பெற்றோர் எல்லாம் உட்கார்ந்திருக்கும்போதே, அவளுக்கு இங்கிலீஷ் வராது, இந்தத் தேர்வை மறந்துவிட்டு வேறு கல்லூரி பாருங்கள் என்று சொல்லிவிட்டார். அவளும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அப்பா தோல் கம்பெனியில் வேலை பார்ப்பவர். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"இன்னா சார் இப்டி சொல்றீங்க? வூட்ல பொண்ணு இங்கிலீஷ் பேப்பர படிச்சு எங்களுக்கெல்லாம் அர்த்தம் சொல்லிகினு கீது சார்."

நான் அவளுடைய வினாத்தாளை வாங்கிப் பார்த்தேன். 'ரெலக்டன்ட்' என்று ஒரு சொல். அதே பொருள் தரும் சொல்லைக் கீழேயுள்ள நான்கில் தேர்ந்தெடுக்க வேண்டும். இதுகூடவா தெரியவில்லை என்று கேட்டேன்.

"அது தெரியும் மிஸ். இஷ்டமில்லாம தயங்குறது. கீழ குடுத்திருக்கிற நாலு வார்த்தைதான் தெரியல."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கேட்கும் சொல்லைவிட விடைகள் கடினமாம். தெரிந்த சொல்லுக்கே ஒருத்திக்கு மதிப்பெண் கிடையாதாம்.

அந்த நான்கில் சரியான விடை 'அவர்ஸ்' (averse). மையத்துக்காரரை வகுப்பறைக்குள் அழைத்து, அவர் கண்ணெதிரே அந்தச் சொல்லை வைத்துப் பலகையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினேன். சாலையை அகலப்படுத்த ஒரு கடையின் பாதியை இடித்துவிட்டார்கள். இடம் மாறுவதில் கடைக்காரர் அவ்வளவு 'அவர்ஸ்', மீதிப் பாதியிலேயே உட்கார்ந்து வியாபாரம் செய்கிறார். அவள் மெதுவாகப் படித்தாள்.

"அவருக்கு அங்கேர்ந்து போக மனசே இல்ல மிஸ். அப்போ ரெலக்டன்ட் மாதிரிதானே இது?"

நான் மையத்துக்காரரைப் பார்த்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"நல்லாத்தான் சொல்றா மேடம். எக்ஸாம்ல இப்படி வாக்கியம் எழுதி யாரு காட்டப் போறாங்க?"

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. நான்கு பேர் நடுவில் அந்த அப்பாவிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அவள் தேர்வை விடவில்லை. அடுத்து வந்த வாரங்களில் நானே அவளைச் சொற்களை மனப்பாடம் செய்ய வைத்தேன். வாக்கியமும் கிடையாது, கதையும் கிடையாது. ஒரு சொல், அதற்கு ஈடான சொல், அவ்வளவுதான். செய்தித்தாளைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வை என்று அவளிடம் நானே சொல்ல வேண்டியிருந்தது.

ஆனாலும் அவள் கேட்ட பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. கைவிட்டது ஆங்கிலப் பகுதிதான். இப்போது தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரமே படிக்கிறாள். பாடப் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். யார் துணையும் இல்லாமல் படிப்பதாகப் போனில் சொன்னாள். கேட்பவர்கள், அப்புறமென்ன, நல்லபடியாகத்தானே முடிந்தது என்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால்தான் கோபம் கூடுகிறது. இவ்வளவு படித்துப் புரிந்துகொள்கிறவளைப் பார்த்துத்தானே இங்கிலீஷ் வராது என்றார்கள்? அந்தச் சொற்களையும் ஒரு பத்திக்குள் வைத்து, இதில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்க ஒரு தேர்வுக்கு என்ன கஷ்டம்?

வகுப்பில் ஒரு பிள்ளை விடை தெரியாமல் விழித்தால், தெரியாதது பிள்ளைக்கா, கேட்ட விதமே தப்பா என்று இப்போதெல்லாம் முதலில் கேள்வியைத்தான் சந்தேகப்படுகிறேன்.