வித்துராவுக்குப் போகாத பெட்டி

எங்கள் மாமாவிடம் ஒரு சொல் உண்டு. "கூட்டை நகத்தணும்னா ஒரு சாண் நகத்து, இல்லேன்னா ஊரு விட்டு ஊரு நகத்து. ரெண்டுக்கும் நடுவுல எங்க வச்சாலும் ஈ பழைய எடத்தத் தேடிப் போயி வட்டமடிக்கும்." மாமா என்றால் அம்மாவின் தம்பி, மார்த்தாண்டத்துக்காரர். முப்பது தேன்பெட்டி வைத்திருந்தார். நாங்கள் திருவனந்தபுரத்தில், பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காய்ச் சத்தம் கேட்கிற தூரத்தில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு அப்போது எட்டு வயது. அந்தச் சொல்லைப் பலமுறை கேட்டிருந்தேன். ஆனால் கேட்பது வேறு, உள்ளே இறங்குவது வேறு அல்லவா?

அந்த மாசி மாதம் எனக்கு வீட்டில் ஓர் உத்தியோகம் கிடைத்திருந்தது. அப்பா மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அம்மா என்னைக் கூப்பிட்டு, "காப்பி ஆறுதுன்னு அப்பாட்ட சொல்லு" என்பாள். "குடிக்கிறேன்னு அம்மாட்ட சொல்லு" என்பார் அப்பா. நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஒப்பிப்பேன். சில சமயம் என் சரக்கையும் ஏற்றி அனுப்புவேன். "குடிக்கிறாராம். எனக்கு ரெண்டு பிஸ்கட் குடுக்கச் சொன்னாரு." இருவரும் நேரில் பேசி உண்மையைக் கண்டுபிடிக்கும் அபாயம் இல்லாததால் பிஸ்கட் தடையில்லாமல் வந்தது. பத்துப் பதினைந்து நாள் இப்படிப் போயிற்று. என் திறமையைப் பார்த்துத்தான் பெரியவர்கள் இந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இதற்கிடையில் ஒரு நாள் அம்மா ஜிப் வைத்த பெரிய பையை இறக்கித் தன் சேலைகளையும் என் கவுன்கள் எல்லாவற்றையும் அடுக்கினாள். "மாமா பெட்டிய எல்லாம் வித்துராவுக்குக் கொண்டு போறான். நாமளும் அந்த வண்டியில போறோம். வண்டி திரும்பும்போ அதுலயே மார்த்தாண்டம்." மார்த்தாண்டம் என் காதில் விழவே இல்லை. வித்துராவிலிருந்து மலை ஏறினால் பொன்முடி! என் வகுப்பில் பாதிப் பேர் பொன்முடி பார்த்து வந்து மேகத்தைத் தொட்ட கதை சொல்லிக் கொண்டிருந்தார்கள். அதற்கு முந்தின நாள் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்து, டி.சி. வாங்க எத்தனை நாளாகும் என்று டீச்சரிடம் கேட்டிருந்தாள். பொன்முடி போக அப்படி ஒரு சீட்டு வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக் கொண்டேன்.

தேன்பெட்டியை இடம் மாற்றுவதென்றால், ஈயெல்லாம் அடங்கிய பிறகு வாசலை அடைத்து, இரவோடு இரவாக ஓட்டி, வெயில் ஏறுமுன் புது இடத்தில் இறக்கித் திறந்துவிட வேண்டும். மாமாவின் டெம்போ வழியில் இரண்டு தடவை நின்று, பொழுது விடிந்த பிறகுதான் எங்கள் வாசலுக்கு வந்தது. வந்ததும் மூன்றாம் முறையாகப் புகைந்தது.

"அண்ணா, வண்டி சூடாயி. கொறச்சு வெள்ளம் ஒழிக்கணும். தணுக்கட்டெ," என்று டிரைவர், எஞ்சினில் ஊற்றத் தண்ணீர் பிடிக்க எங்கள் குழாயடியில் பக்கெட்டை வைத்தார். குழாயோ, நூல்போல ஒழுகியது.

மாமா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். செல்போனில் மணி பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், ஒரு பெட்டியின் மேல் கையை வைத்துச் சூடு பார்ப்பார். அப்பா மரியாதைக்கு, "இப்ப என்ன அவசரம்? மார்த்தாண்டத்திலயே வச்சுக்கிட்டா என்ன?" என்று கேட்டார்.

"அங்க ரப்பர் எல முத்திப் போச்சு அத்தான். மலையடிவாரத்துல குளிரு கூடுதல்லா, இப்பந்தான் தளிரு விடுது. சில பேரு ஒரே எடத்துல வச்சுக்கிட்டு, மழைக்குச் சீனிப்பாகு காய்ச்சி ஊத்திக் காப்பாத்துவான். நான் தளிரு பொறகே போற ஆளு. ரெண்டு எடம், ரெண்டு அறுப்பு."

"ரப்பர் பூவுல தேன் இருக்கா மாமா?"

"பூவுல இல்ல மக்ளே, தளிர்க் காம்புல. எலையே தேன் குடுக்கும்." பிறகு குரல் தாழ்ந்தது. "வெயிலு ஏறிச்சுன்னா உள்ள மெழுகு இளகி தேனடை அறுந்து விழும். ராணி, குஞ்சு எல்லாம் அதுல நசுங்கும். ஒரு வருசப் பாடு ஒரு நாழியில தீந்துரும்."

கடைசி வரிசையில் ஒரு பெட்டியின் கயிறு தளர்ந்திருந்தது. மாமா அதை இறக்கி எங்கள் மதில்மேல் வைத்துவிட்டு, வேறு கயிறு தேடி வண்டிக்குள் தலையை விட்டார். நான் புதுக் கவுனும் செருப்புமாகக் காலை மாற்றி மாற்றி நின்று கொண்டிருந்தேன். வீட்டுக்குள் ஓடினேன், பை வாசலில் இருக்கிறதா என்று பார்த்தேன், திரும்ப ஓடிவந்தேன். குழாய் இன்னும் ஒழுகிக் கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் அந்தப் பெட்டியில் காதை வைத்தேன். உள்ளே ஒரே இரைச்சல். அவற்றுக்கும் என்னைப் போலவே இருப்புக் கொள்ளவில்லை என்று பட்டது. மூச்சு முட்டுகிறதோ என்னவோ! வாசல் துவாரத்தில் துணித்திரி செருகியிருந்தது. நுனியை லேசாக இழுத்தேன். லேசாக இழுத்தால் லேசாக வருவதற்கு அது என்ன சவ்வு மிட்டாயா? முழுசாகக் கையோடு வந்துவிட்டது.

முதலில் ஒன்று வந்தது. அப்புறம் பத்து. அப்புறம் எண்ண முடியவில்லை. வந்தவை உடனே பறந்து போகவில்லை. பெட்டியைப் பார்த்துத் திரும்பி, இடதும் வலதுமாக அசைந்து அசைந்து நின்றன. இடத்தை மனப்பாடம் செய்கின்றன என்று பிற்பாடு தெரிந்து கொண்டேன். பிறகு மதிலைத் தாண்டி, கூரைகளைத் தாண்டிப் போயே போய்விட்டன.

மாமா என்னை அடிக்கவில்லை. தன் தலையில் அடித்துக் கொண்டார். "என்ன காரியம் செஞ்ச மக்ளே! இனி அந்தியாகாம இத அனக்க முடியாதே. எடுத்துட்டுப் போனா வெளிய போனதெல்லாம் இங்க வந்து, பெட்டியக் காணாம இந்த மதில்ல தொங்கும்லா."

"மோளு மிடுக்கி," என்று என்னைக் கெட்டிக்காரியாக்கினார் டிரைவர். "முப்பதும் தொறந்நில்லல்லோ. வண்டி ரெடியாயி, போகாம்."

மாமா வண்டியைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார். இருந்தால் இருபத்தொன்பது சாகும், போனால் ஒன்று சாகும். அம்மா பையோடு படியில் நின்றிருந்தாள். பையைக் கீழே வைத்தாள்.

"நீ கெளம்புலே. வெயிலு ஒனக்காக நிக்குமா?"

"அப்போ நீ?"

"அந்திக்கு ஆராவது அடைக்கணும்லா. ஒங்க அத்தானுக்கு ஈயத் தெரியுமா, எறும்பத் தெரியுமா? நாள கழிச்சு வந்து எடுத்துக்கோ."

"பெட்டியையா?"

"பெட்டியத்தான்."

மாமா கீழே இருந்த பையை ஒரு தடவை பார்த்தார். பிறகு வண்டியில் ஏறினார். பொன்முடி தெருமுனையில் திரும்பி மறைவதைப் பார்த்து நான் அழுதேன். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

அப்பா அன்றைக்கு ஆபீஸ் போகவில்லை. ஏன் போகவில்லை என்று என் மூலம் யாரும் கேட்கவும் இல்லை. நண்பகலில் முனைக் கரும்புச்சாறு கடைக்காரர் கையை வீசிக்கொண்டு வந்தார். "சேச்சீ, நிங்ஙளுடெ தேனீச்ச முழுவன் என்டெ கடையிலாணு! ஆளுகள் கிளாஸ் வச்சிட்டு ஓடி!"

அப்பா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "எப்ப அடங்கும்னு அம்மாட்ட கேளு."

"வெயிலு தாந்தா அடங்கும்னு சொல்லு. கரும்புச் சக்கைய மூடி வச்சா பாதி வந்துரும்னு அவருட்ட சொல்லச் சொல்லு."

நான் அப்பாவிடம் சொல்ல, அப்பா மலையாளத்தில் கடைக்காரரிடம் சொல்ல, உத்தியோகம் அமோகமாக நடந்தது. அழுகை நின்றுவிட்டது.

வெயில் தாழ்ந்ததும் மதிலுக்கு முன் மூவரும் நின்றோம். பழவங்காடியில் சாயங்காலத் தேங்காய்கள் உடைய ஆரம்பித்திருந்தன. ஈக்கள் ஒவ்வொன்றாக வந்து துவாரத்தில் நுழைந்தன. அம்மா திரியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணிமைக்காமல் பார்த்திருந்தாள். 'தேனீக்கும் மாமியாருக்கும் முன்வாசல மறைச்சு நிக்கப்படாது' என்பது மாமாவின் இன்னொரு சொல். அப்பாவுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? இன்னும் எத்தனை பாக்கி என்று பார்க்கிறவர்போல நேராகப் போய்ப் பெட்டியின் முன்னால் குனிந்தார். உடனே "ஆ!" என்று கழுத்தைப் பிடித்தார்.

"தேய்க்காதீங்க! நகத்தால சொரண்டுங்க!" என்று கத்தினாள் அம்மா.

"எங்க இருக்குன்னு தெரியலியே."

"குனிங்க."

அப்பா குனிந்தார். அம்மா விரல் நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது இருந்தா வெஷம் ஏறிக்கிட்டே இருக்கும்" என்றாள். "வலிக்கா?" என்றாள். "கொஞ்சம்" என்றார் அப்பா. கொடுக்கு வந்த பிறகும் அவர் சிறிது நேரம் குனிந்தே இருந்தார். நான் அங்கேயேதான் நின்றேன். ஒருவரும் "சொல்லு" என்று என்னிடம் சொல்லவில்லை. கடைசி ஈயும் நுழைந்ததும் அம்மா திரியை அடைத்தாள். அப்பா பெட்டியின் மறுபக்கத்தைப் பிடிக்க, இருவருமாக அதை உள்ளே தூக்கிப் போனார்கள்.

இரண்டு நாள் கழித்து மாமா வந்து பெட்டியை எடுத்துப் போனார். இருபத்தொன்பதும் பிழைத்துவிட்டன என்றார். வாசலில் கிடந்த பையை அதற்கு முன்பே அம்மா பரணில் ஏற்றியிருந்தாள். என் கவுன்கள் பழைய அலமாரிக்கே திரும்பின. திங்கட்கிழமை எப்போதும்போலப் பள்ளிக்கூடம். டி.சி.யைப் பற்றிப் பேச்சே இல்லை.

அன்று காலையில் காப்பி வந்ததும் நான் ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் நின்றேன். "ஆறுது, எடுத்துக் குடிங்க" என்றாள் அம்மா, என் தலைக்கு மேலே. "சீனி கொஞ்சம் கூடிப் போச்சே" என்றார் அப்பா, அதே வழியில். எனக்குப் பிஸ்கட் வரவில்லை. திரியை உருவினதற்கு என்ன தண்டனை வரப்போகிறது என்று இரண்டு நாளாகப் பயந்து கொண்டிருந்தேன். இதுதான் போலிருக்கிறது என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.