மூன்று நிமிடக் கிரகணமும் ஏழு உரைகளும்

வன்னியில் வானத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள் இரண்டே வகை. மழை வருமா என்று பார்ப்பவர்கள், மழை நிற்குமா என்று பார்ப்பவர்கள். இரண்டிலும் சேராமல் போனதுதான் பல்கலைக்கழகத்தில் என்மேல் இருந்த பெரிய குறை. விவசாயம் படிக்க வந்தவள் நெற்பயிரின் நோய்களை விட்டுவிட்டு வியாழனின் நிலவுகளைப் பற்றிக் கதைத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? விடுதியில் என் அறையில் இருந்தவள் ஒருநாள் பொறுமையிழந்து, "உனக்குச் செவ்வாயில ரெண்டு ஏக்கர் வயல் எடுத்துத் தந்தாத்தான் அடங்குவாய் போல," என்றாள்.

நான் அடங்கவில்லை. வானியல் சங்கம் ஒன்று தொடங்கினேன். ஒன்பது பேர் சேர்ந்தார்கள். அதில் ஐந்து பேர் சான்றிதழ் தருவீர்களா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு சேர்ந்தவர்கள். செயலாளர் நான்.

அந்த வருடம் கங்கணச் சூரிய கிரகணம் எங்கள் தலைக்கு நேரே வரவிருந்தது. சந்திரன் சூரியனின் நடுவை மறைக்க, விளிம்பு மட்டும் நெருப்பு வளையமாகத் தெரியும். காலை ஒன்பதரைக்குப் பிறகு மூன்றே நிமிடம். அதைத் தவறவிட்டால் இன்னும் எத்தனையோ வருடம் காத்திருக்க வேண்டும். என் வாழ்க்கையில் வேறெதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. என் திட்டமும் சின்னது: எல்லோரும் மைதானத்துக்குப் போவது, வெல்டிங் கடையில் வாங்கிய கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் மேலே பார்ப்பது.

சங்கத்துக்குப் பொறுப்பான விரிவுரையாளருக்கு இது சரிப்படவில்லை.

"இப்பிடிச் சும்மா போய்ப் பார்க்கிறதோ பிள்ளை? ஒரு ஒழுங்கு வேண்டாமோ?"

எங்கள் ஊரில் ஒழுங்கு என்றால் மண்டபம், பதாகை, மங்கள விளக்கு, ஏழு உரைகள். கிரகண நேரத்தில் சாப்பிடக்கூடாது என்பது மூடநம்பிக்கை என்று விளக்குவதற்காகவே ஓர் உரை. விளக்கை மட்டும் நல்ல நேரத்தில்தான் ஏற்ற வேண்டும். அது அன்றைக்கு ஒன்பது மணிக்குப் பிறகு.

"சேர், ஒன்பதரை தாண்டினவுடன வளையம் வந்திடும்."

"அதுக்கென்ன, அரை மணித்தியாலம் கிடக்குத்தானே. எல்லாரும் சுருக்கமாத்தான் பேசுவினம்."

ஒலிவாங்கியைக் கையில் பிடித்த பிறகு சுருக்கமாகப் பேசிய ஒருவரை இந்த மண் இன்னும் பெற்றெடுக்கவில்லை. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்று காலை சிற்றுண்டிச்சாலை அக்கா கிரகணம் விடும்வரை அடுப்பு மூட்டமாட்டேன் என்று கதவைச் சாத்திவிட்டார். அதனால் மூடநம்பிக்கைக்கு எதிரான விழாவுக்கு எல்லோரும் வெறும் வயிற்றோடு வந்தோம். பிரதம விருந்தினர் ஒன்பது பத்துக்கு வந்து மாலை வாங்கினார். விளக்கில் ஐந்து திரி. நான்கை ஏற்றும்போது மின்விசிறி இரண்டை அணைத்தது. மின்விசிறியை நிறுத்தி முதலிலிருந்து தொடங்கினார்கள். படம் காட்டுவதற்காகத் திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தார்கள். வேறு ஏதோ நாட்டில் எடுத்த கிரகணத்தின் படம் சுவரில் தெரிந்துகொண்டிருந்தது. உண்மையானது கூரைக்கு மேலே நடந்துகொண்டிருந்தது.

வேறொரு கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்ததால் பிரதம விருந்தினரை முன்கூட்டியே பேச அழைத்தார்கள். சரியாக ஒன்பதரைக்கு எழுந்தார். "இளையவர்கள் எதையும் நேரில் பார்த்துத்தான் நம்ப வேண்டும்," என்று தொடங்கினார். மண்டபம் கைதட்டியது.

கொஞ்ச நேரத்தில் மைதானப் பக்கம் கூச்சல் கேட்டது. விழாவுக்கு அழைக்கப்படாத முதல் வருடப் பிள்ளைகள்.

மேடையில் என் கதிரைக்கும் பக்கத்துக் கதவுக்கும் இடையில் பத்தடிகூட இல்லை. என்னை ஒருவரும் கட்டிவைக்கவில்லை. ஆனால் நான் நன்றியுரை சொல்ல வேண்டியவள். விருந்தினர் பேசும்போது எழும்பினால் மரியாதையில்லை. பொறுப்பு விரிவுரையாளர்தான் அடுத்த பரீட்சைக்கு வினாத்தாளும் தயாரிப்பவர். இப்படி ஒவ்வொரு காரணமாக அடுக்கி முடிப்பதற்குள் கூச்சல் அடங்கிவிட்டது. நான் எழும்பவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நன்றியுரையை ஒரு வரி விடாமல் வாசித்தேன், ஒலிபெருக்கிக்காரர் உட்பட எல்லோருக்கும் நன்றி. பிறகு மைதானத்தில் குழுப்படம் எடுத்தார்கள். அதில் நாங்கள் எல்லோரும் கறுப்புக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, மிச்சச் சூரியனுக்கு முதுகைக் காட்டியபடி சிரிக்கிறோம். அந்த ஐந்து பேருக்கும் சான்றிதழும் கிடைத்தது.

மத்தியானம் தர்மபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து அம்மா தொலைபேசியில் அழைத்தார். கிரகணம் என்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பவர் அவர்.

"நீ அவ்வளவு சொன்னபடியால் நான் இந்தமுறை உள்ளுக்கு இருக்கேல்லைப் பிள்ளை. முருங்கை இலையளுக்குள்ளால வந்த வெயில் முழுக்க நிலத்தில வளையம் வளையமா விழுந்து கிடந்தது. மிதிக்க மனம் வரேல்லை. ஒதுங்கி நிண்டு பார்த்தனான்." பிறகு, "நீ மேலயே பார்த்திருப்பாய். எப்பிடி இருந்தது?" என்றார்.

புத்தகத்தில் படித்ததை ஞாபகப்படுத்திக்கொண்டேன்.

"நெருப்பு வளையம் மாதிரி அம்மா. நல்ல வடிவு."

அம்மா நம்பிவிட்டார். கிரகணத்தைப் பற்றிக் கதைத்துக் கதைத்து வீட்டாரின் உயிரை வாங்கிய பிள்ளை அதைப் பார்க்காமல் கதிரையில் இருந்தாள் என்று எந்தத் தாய்தான் நினைப்பாள்?