ஒரு நூல் சார்

கையில் கொடுத்த இரும்பை முதலில் விரல் கணுவால் தட்டுகிறார். காதைச் சாய்த்துக் கேட்கிறார். அதற்குப் பிறகுதான் நெற்றியில் குடியிருக்கும் கண்ணாடி மூக்குக்கு இறங்குகிறது. இடுப்பிலிருந்து டேப்பை உருவி, வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, டேப்பைச் சடக்கென்று உள்ளே விடுகிறார். எதிரே நிற்கும் மாணவனுக்குத் தீர்ப்பு முன்பே தெரியும்.

“ஒரு நூல் கம்மி.”

ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் வரும் பங்குக்குப் பட்டறைகளில் நூல் என்று பெயர். இந்தப் பள்ளியின் தொழிற்பயிற்சி ஆசிரியருக்கும் அதுவே பெயராகிவிட்டது. அவர் கண்ணுக்கு உலகம் முழுவதும் ஒரு நூல் கூடவோ குறையவோ இருக்கிறது. தலைமையாசிரியையின் நாற்காலி, கழிப்பறைக் கதவு, பிரார்த்தனைக் கூட்டத்து வரிசை எதுவும் தப்பவில்லை. தன் கல்யாண ஃபோட்டோவைக் காட்டும்போதுகூட, “ஃபோட்டோக்காரன் அவள ஒரு நூல் தள்ளி நிக்க வெச்சிட்டான்” என்றுதான் ஆரம்பிப்பார்.

அவர் வேலையில் தவறு நேர்வதில்லை. நேர்ந்தால் கரண்ட் கம்மி. வெல்டிங் ராடு ஈரம். தகடு மட்டமான சரக்கு. ஒருமுறை நூலகத்துக்கு அவர் செய்து கொடுத்த இரும்புக் கதவு சாத்த மறுத்தது. சார் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “கட்டடம் எறங்கியிருக்கு” என்றார். நிர்வாகம் பயந்துபோய்ப் பொறியாளரை வரவழைத்து அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தது. குழி இன்னும் அங்கே இருக்கிறது. கதவும் அப்படியேதான்.

அவருக்கு ஒரு மச்சான் உண்டு. மனைவியின் அண்ணன். குரல் பெரிய மனிதர். மேடு பள்ளம் ஏறுவதற்கென்றே செய்த உயரமான வண்டி ஒன்று வைத்திருக்கிறார். விடுமுறை நாள்களில் அதே மாதிரி வண்டி வைத்திருப்பவர்களோடு சேர்ந்து, நல்ல சாலை இருக்கும் இடங்களுக்குச் சாலையில்லாத வழியாகப் போய் வருவார். குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் நாலு பேர் நடுவில் சாரின் தோளில் கையைப் போட்டு அறிமுகம் செய்வார்.

“நம்ம மாப்ள. ஸ்கூல்ல ஆணி அடிக்கச் சொல்லித் தர்றாரு.”

எல்லோரும் சிரிப்பார்கள். சாரும் சிரிப்பார். கல்யாணமான நாளிலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அந்த மச்சான் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், வண்டிக்கு முன்பக்கம் பெரிய பம்பர் ஒன்று போட வேண்டும், வெளிநாட்டுக் கம்பெனியில் சொல்லிவைத்திருக்கிறேன் என்றார். சாருக்கு என்ன தோன்றியதோ, பிசைந்த கையோடு நிமிர்ந்தார்.

“வெளிய எதுக்கு மச்சான்? எங்க பசங்க பண்ணுவாங்க.”

மச்சான் தங்கையைப் பார்த்துக் கண்ணடித்தார். “பண்ணட்டும், பண்ணட்டும். பள்ளத்துல எறங்குறப்ப கழண்டு விழாம இருந்தா சரி.”

சார் அன்று மோர் ஊற்றிக்கொள்ளவில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

தலைமையாசிரியைக்கு இந்தத் திட்டம் மிகவும் பிடித்துப்போனது. சமூகத்தோடு இணைந்த செயல்முறைக் கற்றல் என்று அதற்குப் பெயர் வைத்து, கடைசி வருட மாணவர்களின் செய்முறைத் தேர்வே இந்தப் பம்பர்தான் என்று அறிவித்தார். மச்சான் வண்டியைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டு வேலையாக வெளியூர் போனார். சார் செய்த முதல் காரியம் வீட்டிலிருந்து ஒரு கம்பளிப் போர்வையைக் கொண்டுவந்து எஞ்சினை மூடும் பானட் மேல் விரித்ததுதான். அதில் ஒரு கீறல் விழுந்தால், பேரப்பிள்ளைகளின் கல்யாணம் வரைக்கும் மச்சான் அதைச் சொல்லிக் காட்டுவார்.

போர்வை விரித்த பானட் அன்றே மேசையாகிவிட்டது. அட்டையில் வெட்டிய மாதிரிகள், சாக்குக்கட்டி, ராடு டப்பா, டீ டம்ளர்கள், யாரோ மறந்துபோன உயிரியல் புத்தகம் எல்லாம் அதன் மேல் ஏறின. பட்டறையில் அவ்வளவு சமமான இடம் வேறு இல்லை. சார் அதைத் தட்டிப் பார்த்துச் சொன்னதே அதுதான்.

அளவெடுக்கும் வேலை மட்டும் யாருக்கும் கிடைக்காது. டேப்பு அவருடையது. பிள்ளைகள் அதன் நுனியைப் பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அந்தப் பாக்கியமும் நெட்டை என்று அழைக்கப்பட்ட பையனுக்கே பெரும்பாலும் வாய்த்தது, கை நீளம் என்பதால். வெல்டிங் பெரும்பகுதி தீப்பொறி என்ற பெண்ணுடையது. அவள் போடும் ஒட்டு, தையல் மிஷினில் ஓட்டியதுபோல் வரிசையாக விழும். சார் அதைக் கண்ணாடி இறக்கிப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் போவார். ஒன்றும் சொல்லாததைச் சொல்லிச் சொல்லி அவள் வீட்டில் பெருமைப்பட்டிருக்கிறாள். கப்பல் கட்டும் பட்டறையில் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருந்தாள். இந்தத் தேர்வில் வாங்கும் மார்க்கைப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

முதலில் அது ஒரு சாதாரண பம்பர். மச்சான் ஃபோன் செய்யும் ஒவ்வொரு முறையும் வளர்ந்தது. “என்ன மாப்ள, ஆணி அடிச்சாச்சா?” என்று கேட்டார். இழுவைக் கொக்கிகள் முளைத்தன. “உங்க பசங்களுக்கு இரும்புக்கும் பித்தளைக்கும் வித்தியாசம் தெரியுமா?” விளக்கு மாட்டும் தாங்கிகள் முளைத்தன. கடைசியில் நடுவிலிருந்து ஒரு பெரிய குழாய் வளைவு எழுந்து, பானட்டின் மூக்குக்கு நேரே விரற்கடை தள்ளி நின்றது. யானை முட்டினாலும் வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்றார் சார். யானை எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை. ‘கழண்டு விழாம இருந்தா சரி’ என்ற வாக்கியம் அவருக்குள் துருப்பிடிக்காமல் இருந்தது. போல்ட்டுகளை முடுக்கிய பிறகு, நட்டுகளின் மேலேயும் ஒட்டுப் போடச் சொன்னார்.

“அப்புறம் எப்படி சார் கழட்டுறது?” என்று நெட்டை கேட்டான்.

“கழட்டுறதுக்கா மாட்டுறோம்?”

மச்சான் வருவதற்கு முந்தின நாள், வண்டியைத் துடைப்பதற்காகப் பானட்டை முதல்முறையாகக் காலி செய்தார்கள். தீப்பொறி போர்வையை உருவினாள். துணியோடு குனிந்தவள் அப்படியே நின்றாள்.

“சார், இதுக்குக் கீல் முன்னாடி இருக்கு.”

“இருக்கட்டும்.”

“முன்பக்கமா சாஞ்சுதான் சார் தெறக்கும்.”

“தெறக்கட்டும்.”

“வளைவு நிக்குது சார்.”

சார் வந்தார். உள்ளே கையை விட்டுத் தாழ்ப்பாளை இழுத்தார். பானட் வண்டியின் முன்கண்ணாடிப் பக்கம் கொஞ்சம் தூக்கியது. அதன் மூக்கு போய் வளைவில் டங்கென்று இடித்தது. அதற்கு மேல் அசையவில்லை. நெட்டை அந்தச் சந்தில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தான்.

“எஞ்சின் தெரியுது சார்.”

யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். சார் டேப்பை உருவினார். வைத்தார். உதட்டைப் பிதுக்கினார். எத்தனை நூல் என்று சொல்லவில்லை.

“முன்னாடி தெறக்கிற மாதிரி பானட் வெச்சவன் எவன்? அறிவு வேணாம்?” என்றார் முதலில். சற்று நேரம் கழித்து, “எஞ்சின் நம்ம டிபார்ட்மென்ட் இல்ல” என்றார். டீ குடித்துவிட்டு வந்தபோது, “நல்ல எஞ்சினா இருந்தா தெறக்கவே வேணாமே” என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

“வளைவ அறுத்துடலாம் சார்” என்றாள் தீப்பொறி.

“அறுத்துட்டு? நாளைக்குப் பரீட்சகர் வர்றாரு. மொட்டையா நிக்கிற குழாயப் பாத்து மார்க்குப் போடுவாரா?”

நியாயமான கேள்விதான். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் பரீட்சகரை நினைக்கவில்லை என்பது வகுப்புக்கே தெரிந்தது. நாளை யாரும் பானட்டைத் திறக்கக் கூடாது என்று முடிவாயிற்று. அதற்கான பொறுப்பு கடவுளிடம் விடப்பட்டது.

மறுநாள் மச்சான் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டே வந்தார், நண்பர்களுக்கு அனுப்ப. வண்டியைச் சுற்றினார். பம்பரை ஷூக்காலால் உதைத்தார். அது அசையவில்லை. தீப்பொறியின் ஒட்டுகளின் மேல் விரலை ஓட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“மாப்ள, கம்பெனி வேல மாதிரில்ல இருக்கு!”

கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்த வாக்கியம். சாரின் காது மடல் சிவந்தது. எதையாவது தட்டிப் பார்க்க வேண்டும்போல் விரல்கள் மடங்கின.

“பானட்டத் தெறங்க. எஞ்சினோட சேத்து எடுத்துக்கறேன்.”

“மொதல்ல டீ சாப்டுங்க மச்சான்.”

“டீ கெடக்குது.”

“புது பெயிண்ட்டு. ஆடக் கூடாது.”

“பம்பருக்குத்தானே புது பெயிண்ட்டு?”

“இல்ல மச்சான், இது ஒரு மாதிரி…” சார் வளைவின் மேல் கையை வைத்துக்கொண்டார். “திருட்டுத் தடுப்பு. வெளியாள் எவனும் எஞ்சின்ல கை வெக்க முடியாது.”

“அடேங்கப்பா!” மச்சான் அதையும் வீடியோ எடுத்தார். “சரி, நாம வெளியாள் இல்லையே. தெறங்க.”

வெளிப் பரீட்சகர் அதுவரை ஓரமாக நின்றிருந்தார். வேறு பள்ளியிலிருந்து வந்தவர், சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருந்தார். அவரே போய் உள்ளே கையை விட்டுத் தாழ்ப்பாளை இழுத்தார். டங். இன்னொரு தடவை இழுத்தார். டங். கீழே குனிந்து நட்டுகளைப் பார்த்தார். ஒவ்வொன்றின் மேலும் அழகான ஒட்டு இருந்தது.

மச்சான் சிரிக்கத் தொடங்கினார். வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாரின் தோளில் கையைப் போட்டபோது குரல் கனிந்திருந்தது.

“விடுங்க மாப்ள. சின்னப் பசங்க வேலன்னா இப்படித்தான். உங்க மேல என்ன தப்பு இருக்கு?”

பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். சார் டீ டம்ளரைப் பார்த்தார். பரீட்சகர் பேனாவைத் திறந்தார்.

“வெல்டிங் ரொம்ப நல்லாருக்கு. அறுப்பும் நல்லாருக்கு. கோட்ட விட்டது அளவுலதான். அளவெடுத்தவங்களுக்கு மட்டும் கழிச்சிக்கறேன். யாருப்பா எடுத்தது? சொல்லலேன்னா எல்லாருக்கும் கழிக்க வேண்டியதுதான்.”

தீப்பொறி தன் கையுறையின் ஓட்டையில் விரலை விட்டு அதைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். நெட்டை ஓரடி முன்னால் வந்தான்.

“நுனியப் புடிச்சது நான் சார்.”

“நுனி இல்லப்பா. அந்தப் பக்கம் யாரு?”

மச்சானின் ஃபோன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சார் டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வலது கை மெல்ல எழுந்தது. தோள் வரை வந்தது, காது வரை போனது, அங்கே சொறிந்துகொள்வதுபோல் சற்று நின்றது. பிறகு, முதல் வரிசைப் பையன்கள் செய்வதுபோல ஆள்காட்டி விரல் மட்டும் நீண்டு, தலைக்கு மேல் போயிற்று.