அண்ணன் தேதி கேட்பதை நிறுத்தியபோது

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்துக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் அன்பான வணக்கம். இப்படிப்பட்ட மலர்களில் போனவருக்குக் குறையே இருக்காது. படித்தால் நம் வீட்டிலா இவ்வளவு பெரிய மகான் இருந்தார் என்று நமக்கே சந்தேகம் வரும். அண்ணனைப் பற்றி நான் அப்படி எழுதினால் முதலில் சிரிப்பவர் மதினியாகத்தான் இருப்பார். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மதினிக்கும் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகே அச்சுக்குக் கொடுத்தேன்.

அண்ணன் பிறந்தது இராஜபாளையத்தில், மில்லுக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டில். அப்பா நூற்பாலைத் தொழிலாளி. மில் சங்குதான் எங்கள் வீட்டுக் கடிகாரம். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அண்ணன் அவர்களோடு பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகச் சண்டை போட்டு, பாதியிலேயே சமாதானமாகி, அவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வருவார். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது அப்பா தவறிவிட்டார். அண்ணன் அப்போதுதான் பத்தாம் வகுப்பு முடித்திருந்தார். மேலே படிக்க ஆசை. ஆனால் அடக்கம் முடிந்த மறு வாரமே, ஆஸ்பத்திரிகளுக்கு பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் குறைபட்டதில்லை. எனக்குத்தான் இன்றும் அந்தக் குறை உண்டு.

அண்ணன் அங்கே சேர்ந்த பிறகு எங்கள் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் கட்டுப் போடும் காஸ் துணிக்குப் பஞ்சம் வந்ததில்லை. ஓரம் பிசகியதென்று கழித்துப் போட்ட துணியெல்லாம் வீட்டுக்கு வரும். காபி வடிகட்டுவதும் அதில்தான், ஈக்கு மூடுவதும் அதில்தான். கிறிஸ்துமஸ் குடிலுக்கு மேகம்கூட அதில்தான் செய்தோம். தெருவில் எந்தப் பிள்ளை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாலும் நேராக எங்கள் வீட்டுக்கு வரும். அண்ணன் மடியில் காலை எடுத்து வைத்து, ஊதி ஊதிக் கட்டுப் போடுவார். கட்டின அழகைப் பார்த்து, விழாத பிள்ளையும் வந்து வரிசையில் நிற்கும். அந்தக் கை இன்று இல்லை.

ஒன்பது ஆண்டுகளில் அண்ணன் வெளுக்கும் பகுதிக்கு மேஸ்திரி ஆனார். பிளஸ் டூ முடித்துவிட்டு நானும் அங்கேயே, துணி சுருட்டும் பகுதியில் சேர்ந்தேன். வெளுக்கும் தொட்டியில் அண்ணனுக்குக் கீழே வேலை பார்த்தவர் சேத்தூர் கருப்பசாமி அண்ணாச்சி. விவசாயக் குடும்பம். விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். வேலையில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை.

அந்த வாரம் எங்கள் சபையில் கன்வென்ஷன் கூட்டம். பந்தலுக்கு விளக்குக் கட்டும் பொறுப்பை அண்ணன் ஏற்றிருந்தார். ஒருநாள் மதியம், தொட்டியில் துணி கிடக்கும்போது, செத்த நேரத்தில் வந்துவிடலாம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போய்விட்டார். கருப்பசாமி அண்ணாச்சி அப்போது பின்கட்டில் லாரிக்குச் சுமை ஏற்றிக்கொண்டிருந்தார். பந்தலில் ஒரு வேலை இன்னொரு வேலையை இழுத்தது. அண்ணன் திரும்பி வந்தபோது, வெளுக்கும் மருந்தில் நேரம் தாண்டி ஊறிய துணி முழுவதும் இற்றுப்போயிருந்தது. இரண்டு விரலால் இழுத்தால் கிழிந்தது. மறுநாள் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய துணி அது.

முதலாளி வந்து கேட்டார். "நேரத்துக்கு எடுக்கச் சொல்லி கருப்பசாமிகிட்ட சொல்லியிருந்தேன். மறந்துட்டாரு போல" என்றார் அண்ணன். "என்கிட்ட அவரு எதுவும் சொல்லலையே முதலாளி" என்று கருப்பசாமி அண்ணாச்சி நான்கைந்து தரம் சொன்னார். மேஸ்திரி சொல்லுக்கு முன்னால் அது எடுபடவில்லை. அன்று மாலையே அவரை நிறுத்திவிட்டார்கள். துணியைக் கெடுத்தவர் என்ற பேச்சு ஊரில் இருந்த மற்ற கம்பெனிகளுக்கும் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. அவர் மறுபடி மண்வெட்டியைப் பிடித்தார்.

அதே நாள் கூட்டத்தில், வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார், பாவத்தை விட மனதுள்ளவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். அண்ணன் தேம்பித் தேம்பி அழுதார். கையை உயர்த்தி முன்னே போய் முழங்காலில் நின்றார். பிரசங்கியார் ஒரு ஜெபத்தை வரி வரியாகச் சொல்ல, திருப்பிச் சொன்னார். பிரசங்கியார் அவர் தோளைத் தட்டி, "தம்பி, இந்த நிமிஷம் நீங்க ரட்சிக்கப்பட்டாச்சு. நடந்ததைத் திரும்பிப் பாக்காதீங்க. சந்தேகம் வந்தா அது பிசாசு பேச்சு" என்று சொல்லி, ஓர் அட்டையில் பெயரும் தேதியும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அண்ணன் என்ன பாவத்துக்காக அழுதார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அண்ணன் அன்றே சேத்தூருக்குப் போயிருப்பார் என்று நான் இன்றும் நம்புகிறேன். அந்த அழுகையில் பொய் இல்லை.

அதன் பிறகு அண்ணனைக் கையில் பிடிக்க முடியாது. வேதப்புத்தகத்தின் முதல் பக்கத்தில், கல்யாண நாளுக்கும் பிள்ளைகள் பிறந்த நாளுக்கும் மேலே, இரட்சிக்கப்பட்ட தேதியைச் சிவப்பு மையில் எழுதிவைத்தார். ஆண்டுதோறும் அந்த நாளில் மதினி கேசரி கிண்ட வேண்டும். நல்ல கேசரிதான், பொய் சொல்லக் கூடாது. நான் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்த பிறகும், அன்றைக்கு டவுன் பஸ் ஏறித் தூக்குவாளியோடு வந்துவிடுவார். திரும்பும்போது என் வீட்டுக்காரர் வாங்கி வைத்திருக்கும் பால்கோவாவோடு போவார். தேர் சமயமென்றால் கூட்டத்தில் பஸ் நகராது. வியர்வையில் குளித்து வந்து நின்றுகொண்டு கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்:

"ஏட்டி, உனக்குத் தேதி என்ன?"

"நான் பிறந்த தேதியையே அம்மா 'ஐப்பசி அடைமழை'ன்னுதான் சொல்லுவா. இதுக்கு நான் எங்கண்ணே போவேன்?" என்பேன்.

"சிரிக்காத. தேதி தெரியலைன்னா ரட்சிப்பு இல்லைன்னு அர்த்தம்."

பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையிடமும் கேட்டார், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரிடமும் கேட்டார். தெரியாது என்றவர்களை அங்கேயே ஜெபத்தைத் திருப்பிச் சொல்லவைத்து, "முடிஞ்சது, இனிமே கவலையில்ல" என்று தேதி எழுதிக் கொடுத்தார். இந்த மலரைப் படிக்கும் உங்களில் பலரிடமும் அண்ணன் எழுதிக் கொடுத்த தேதி இருக்கும். ஊருக்குத்தான் உபதேசம் என்று நான் மனதுக்குள் பல்லைக் கடித்ததும் உண்டு. ஆனால் அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். உண்மையாகவே நம்பினார். சேத்தூர் பஸ்ஸைப் பார்த்தால் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படிப் போனது. சபைக்குப் புதிதாக ஒரு போதகர் வந்தார், அதிகம் பேசாதவர். வீடு சந்திக்க வந்தவரிடம் அண்ணன் வழக்கம்போல் தன் சாட்சியைச் சொன்னார். நானும் அன்று அங்கிருந்தேன். எத்தனையோ முறை கேட்ட கதை என்பதால் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். முடிவில் போதகர், "அன்னைக்கு எதுக்காக அவ்வளவு அழுதீங்க?" என்று கேட்டார்.

"பாவத்துக்காக ஐயா."

"சரி. எந்தப் பாவம்?"

அண்ணன் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். காபி ஆறி ஆடை படர்ந்தது. போதகர் வற்புறுத்தவில்லை. ஜெபித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு அண்ணன் திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை. அதற்கடுத்த மாதமும் போகவில்லை. பின்வாங்கிவிட்டார் என்று சபையில் பேச்சு. அந்த ஆண்டு கேசரியும் வரவில்லை. மதினி போன் செய்து, "வந்து என்னன்னு கேளு. சாப்பாடே இறங்க மாட்டேங்குது அவியளுக்கு" என்றார். போனேன். அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி, நான் ரட்சிக்கப்படவே இல்லை போல. கருப்பசாமி தலையில பழியப் போட்டுட்டு, அதே கைய அன்னைக்கே மேல தூக்கியிருக்கேன். எனக்கு அன்னைக்கு வேண்டியது மன்னிப்பு இல்லை. மாட்டிக்கிடாம இருந்தாப் போதும்னு இருந்துச்சு. அதத்தான் இம்புட்டு வருசமா ரட்சிப்புன்னு சொல்லிட்டு அலைஞ்சிருக்கேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், அந்தச் சோற்றையே விருந்தென்று ஊருக்கெல்லாம் பரிமாறியிருந்தார். இதைக் கேலியாக எழுதவில்லை. அவரே அப்படித்தான் சொல்லி அழுதார்.

மறுநாள் இருவரும் சேத்தூருக்குப் போனோம். கருப்பசாமி அண்ணாச்சி வரப்பில் நின்று தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். முடி முழுவதும் நரைத்திருந்தது. "வாங்க மேஸ்திரி" என்றார். அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மேஸ்திரி என்றுதான் வந்தது. வீட்டுக்குக் கூட்டிப்போய், எங்களைக் கட்டிலில் உட்காரவைத்து, மோர் கொடுத்தார்.

அண்ணன் டம்ளரைத் தொடவில்லை. "துணிய விட்டுட்டுப் போனது நான். உங்ககிட்ட சொன்னேன்னு சொன்னது பொய்" என்றார்.

"அது எனக்குத் தெரியுமே" என்றார் கருப்பசாமி அண்ணாச்சி. "என் வீட்டுக்காரிதான் நம்பல. 'மறந்திருப்பீக, ஒத்துக்கிட்டா என்ன'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. போன வருசம் அவளும் போய்ச் சேந்துட்டா. கடைசி மட்டும் நம்பல."

அண்ணன் எழுந்து அவர் காலைப் பிடித்தார். அவர் சட்டென்று விலகிக்கொண்டார். "கால்ல விழுந்து எனக்கு என்ன ஆகப்போகுது மேஸ்திரி? நடந்தது எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவுககிட்டப் போய்ச் சொல்லுங்க."

அண்ணன் சொன்னார். கம்பெனியை இப்போது நடத்தும் முதலாளியின் மகனிடம் போய்ச் சொன்னார். பழைய ஆட்களை வீடு வீடாகத் தேடிப் போய்ச் சொன்னார். அடுத்த கன்வென்ஷனில் சாட்சி நேரத்தில் மேடை ஏறி, அதே ஊர் கேட்கச் சொன்னார். கழுவப்பட்ட பாவத்தைக் கிளறுவது அவிசுவாசம் என்று சிலர் முகம் சுளித்தார்கள். தான் தேதி எழுதிக் கொடுத்தவர்களிடமும் போய், "அந்த உறுதி நான் குடுக்கக்கூடியது இல்லை. நீங்களே ஆண்டவர்கிட்டப் போய்க் கேளுங்க" என்றார். சிலர் கோபப்பட்டார்கள். ஒருவர் கதவைச் சாத்தினார். அண்ணன் அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தார். பழைய அண்ணனாக இருந்தால் கதவுக்கு வெளியே நின்று பிரசங்கம் செய்திருப்பார்.

அதற்குப் பிறகு அண்ணன் இருந்தது மூன்று ஆண்டுகள். அந்த மூன்று ஆண்டு அண்ணன்தான் எனக்கு அடிக்கடி நினைவில் வருகிறார். யாரிடமும் தேதி கேட்கவில்லை. என் வீட்டுக்கு வந்தால், "நல்லா இருக்கியா ஏட்டி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். முன்பெல்லாம் காத்திருக்க மாட்டார். திருவிருந்துக்குக் கடைசி ஆளாகப் போய் நின்றார்.

நோய் முற்றியபோது, "இப்போ ரட்சிப்பு நிச்சயம் இருக்காண்ணே?" என்று கேட்டேன். கேலியாகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"எனக்கு நிச்சயம் இருக்கான்னு தடவிப் பாக்குறத விட்டுட்டேன். ஆண்டவரு கைய விடமாட்டாரு. அது போதும்" என்றார்.

கருப்பசாமி அண்ணாச்சி இரண்டு முறை வந்து பார்த்தார். மன்னித்தேன் என்று ஒருபோதும் சொல்லவில்லை. இரண்டாம் முறை, அண்ணனின் கால் புண்ணில் நழுவியிருந்த கட்டைச் சரிசெய்து இறுக்கிவிட்டுப் போனார். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் மண் மூடி முடியும்வரை நின்றார்.

அண்ணனைக் கடைசிவரை தாங்கிய மதினிக்கும், மாறி மாறிக் கண்விழித்த பிள்ளைகளுக்கும், ஆஸ்பத்திரிச் செவிலியர்களுக்கும், போதகர் ஐயாவுக்கும், சமையல் பொறுப்பை எடுத்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் ஒன்றை விட்டுவிட்டேன். அன்று மதியம் அண்ணன் சைக்கிளில் கேட்டைத் தாண்டிப் போனதை நான் பார்த்தேன். துணி சுருட்டும் இடத்து ஜன்னல் கேட்டைப் பார்த்தது. கருப்பசாமி அண்ணாச்சியை நிறுத்தும் முன் முதலாளி எங்கள் வரிசையில் வந்து, "யாராவது எதுவும் பாத்தீங்களா?" என்று கேட்டபோது, குனிந்த தலை நிமிராமல் சுருட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. அண்ணன் வேலை போனால் வீடு என்னவாகும் என்று பயந்தேன். அது அன்றைக்குச் சரி. சேத்தூரில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என்ன பயம்? அன்றும் வாய் திறக்கவில்லை. கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்தேன். அண்ணனுக்கும் கடைசிவரை இது தெரியாது.

இதை எழுதும் முன் போன வாரம் தனியாகச் சேத்தூருக்குப் போய் அவரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. அண்ணன் சொன்னபோதுகூட அப்படி மாறவில்லை. "நீங்க ஒருத்தி அன்னைக்குச் சொல்லியிருந்தா என் வீட்டுக்காரி நம்பியிருப்பாளே தங்கச்சி" என்றார். கிளம்பும்போது, மலரில் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. என் பேர ஒளிக்காமப் போடுங்க" என்றார்.

ஆகவே, இந்த மலர் போய்ச் சேரும் எல்லா வீட்டாரும் அறிய எழுதுகிறேன். அன்று துணியை விட்டுவிட்டுப் போனவர் என் அண்ணன். பார்த்தும் சொல்லாதவள் நான். சேத்தூர் கருப்பசாமி அவர்கள் எதையும் மறக்கவில்லை.